ப்ளோவர் பெட்டி

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருசம்
உப்புவெளி ஒழுங்கையில் தார்ப்பாய் போர்த்துப்
படுக்கப் போட்டேன் நிசான் சன்னியை.
அயலார் வாயில் அது சனி.
எழுப்பிய அன்று கதவைத் திறக்க
எனக்கு முன்னால் இறங்கி வந்தது
எலி மூத்திர வெடுக்கு.

அப்பச்சோடா தூவி ஓர் இரவு.
சிரட்டைக்கரி, கோப்பித்தூள், பிளந்த தேசிக்காய்.
நாலு கதவையும் வெயிலுக்கு விரித்துவிட்டேன்,
செட்டை காயவைக்கும் நீர்க்காகம் மாதிரி
நாள் முழுக்க நின்றது.
பின்னேரம் ஏசியைப் போட்டால்
பழையபடி.

"மேலால பூசி என்ன செய்ய அக்கா,
கூடு உள்ளுக்கெல்லோ கிடக்கு" என்றான்
ஜமாலியா சப்ரீன்.

பதினொரு திருகாணி.
ஒன்று உருண்டு போனது, இன்னும் அகப்படவில்லை.
கொரோனாவில் மிஞ்சிய முகக்கவசம், கையுறை,
மருந்துத் தண்ணீர் தெளித்து நனைத்தபின்
பெட்டியை மெல்ல இழுத்தான்.

சீட்டுப் பஞ்சு.
டொபித் தாள்.
என் முடி, நரைத்தது இரண்டு உட்பட.
நடுவில், மெத்தைபோல,
வரிசை எண் எழுதித் தந்த துண்டு:
கடித்தது போக 'நானூற்று' மட்டும் மிச்சம்.
அனுராதபுரச் சந்தியில் விடியும்வரை நின்று
வெறும் போத்தலோடு நான் திரும்பிய எண்.
அதன்மேல் ஒருத்தி
பிள்ளை பெற்றிருக்கிறாள்.

வினாகிரியால் மூன்று தரம் துடைத்தோம்.

சனிக்கிழமை கந்தளாயிலிருந்து
கார் பார்க்க வந்தவர்
உள்ளே ஏறி, மூக்கைச் சுளித்து,
கண்ணாடியை இறக்கினார்.
"அச்சாறு வியாபாரமோ?"

ஓம் என்றேன்.
எலிக்கு அது பரவாயில்லை.