மார்கழி, பூஜ்ஜியம் யூனிட்

பூளவாடிக்குத் தெற்கே நாற்பத்தேழு காற்றாடிகள்.
பாலக்காட்டுக் கணவாய் வாயை மூடி ஒரு மாதம் ஆகிறது.
இறக்கைகள் எங்கே நின்றனவோ அங்கேயே.
உச்சியில் சிவப்பு விளக்குகள் மட்டும்
ஒருசேர விழித்து ஒருசேர மூடுகின்றன.
நின்ற காற்றாடியும் கொஞ்சம் மின்சாரம் தின்னும்.
அதையும் எழுத வேண்டும், என் ராத்திரி ஷிப்டில்.

எழுதி முடித்தால்
கிளுவை வேலி ஓரம் பத்து அங்குலத் தொலைநோக்கி.
மிதுனத்தின் கால்மாட்டில் ஒரு புள்ளி.
பெயர் கிடையாது, நீளமான எண்.
புள்ளிக்குள் இரண்டு பேர்:
எரிந்து முடிந்து, பூமியளவுக்குச் சுருங்கி,
கனம் மட்டும் குறையாத வெண்குறுமீன்;
இன்னும் கணகணவென்று
காற்று வீசிக்கொண்டிருக்கும் செங்குறுமீன்.
நாலேகால் மணி நேரத்துக்கு ஒரு சுற்று.
ஒருவர் முதுகை ஒருவர் பார்த்ததே இல்லை.

சிவந்ததன் காற்று வெளியே போகப் பார்க்கிறது.
வெளுத்ததன் காந்தம் விடுவதில்லை.
சுழலவிடாமல், தட்டாகப் பரவவிடாமல்,
கம்பியில் கோத்த மாதிரி கொண்டுபோய்
துருவத்தில் சொட்டவிடுகிறது.
சொட்டு விழும் இடம் நம் பக்கம் திரும்பும்போது
புள்ளி இம்மியளவு வெளுக்கும்.
என் வரைபடத்தில் அது ஒரு சின்ன மேடு.
அந்த மேட்டுக்கு மூன்று ராத்திரி.

மெதுவாகத்தான் சேர்க்கிறது என்கிறார்கள்.
கணக்குப் போட்டேன்.
நொடிக்கு அறுபது லட்சம் டன்.
பதினாறு டன் லாரியில் நாலு லட்சம் நடை,
நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள்.
அப்படியும் ஒரு சூரியன் சேர
பத்து லட்சம் கோடி வருஷம்.
சிரித்துவிட்டேன்.
ஆளில்லாக் காட்டில் சிரித்தது
நாய்க்குப் பிடிக்கவில்லை.

மருதாசலம் ஆடு தேடி வந்தார், டார்ச்சோடு.
பதினேழாம் நம்பர் நிற்பது அவருடைய கொறங்காட்டில்.
"நட்டதோட சரி, சும்மாவே நிக்குதுங்களே அம்மிணி."
காத்தில்லீங்க என்றேன்.
திரையைக் காட்டினேன், மேட்டைக் காட்டினேன்.
அங்கேயும் இப்படித்தான்,
ஒருத்தர் காற்றில் இன்னொருத்தர் பிழைப்பு.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"அதுக்கும் ஆடி வருங்களா?"

வரும்.
சுற்றச் சுற்ற நெருங்குகிறார்கள்.
ஒருநாள் சிவந்தது தன் வரப்பைத் தாண்டி வழியும்,
காற்றாக அல்ல, வாய்க்காலாக.
வெளிச்சம் நூறு மடங்கு ஏறும்.
"எப்பங்க?"
பத்துக் கோடி வருஷம், கூடக் குறைய.
"செரி. அதுக்குள்ள ஆடு தெம்பட்டா சொல்லுங்க,
நெத்தியில வெள்ளை இருக்கும்."

மூன்றே முக்காலுக்கு எங்கிருந்தோ ஒரு மூச்சு.
பதினேழாம் நம்பர் கால்வட்டம் திரும்பி,
யோசித்து,
நின்றது.
மீட்டர் அசையவில்லை.
ஒரு நோட்டில் பூஜ்ஜியம் எழுதினேன்.
இன்னொன்றில் பதினேழு புள்ளி மூன்று,
பிழை, புள்ளி ஒன்று.
மூடியை மாட்டும்போது
கிளுவைக்கு அந்தப்பக்கம்
ஒற்றை மணிச் சத்தம்.