ஆடு கடித்த எண்

பியோரியா கண்காட்சியில்
நாற்பத்தொன்றாம் வருடத்து பிளைமவுத்.
குரோமில் முகம் பார்க்கலாம்;
யாரும் பார்க்கவில்லை.
எல்லோரும் பின்னால் குனிந்து நிற்கிறார்கள்.

நாற்பத்து நான்கின் நம்பர் பிளேட்.
இரும்பெல்லாம் போருக்குப் போய்விட்ட வருடம்,
சோயாவை அரைத்து அழுத்திச் செய்த அட்டை.
வலது மூலையில் ஓர் ஆட்டின் பல்வரிசை.
கடைசி எண் மூன்றா, எட்டா,
அந்த ஆட்டுக்குத்தான் தெரியும்.

"புதிதாய் அச்சடித்துத் தருகிறேன், அசலே தோற்கும்"
என்கிறான் ஒரு வியாபாரி.

லாவெர்ன் ஹாஃப்மெயர் சிரிக்கிறாள்.
எஞ்சினை மாற்றியிருக்கிறாள்,
இருக்கை, சாயம், கண்ணாடி, எல்லாம்.
இந்தக் கடி மட்டும்
கார் வந்தபோதே இருந்தது.

மேற்கில் இருட்டிக்கொண்டு வருகிறது.
இருப்பது ஒரே குடை.
நனைந்தபடி அதை
காரின் பின்புறத்துக்குப் பிடிக்கிறாள்.