எண் போடாத மரம்

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் சாலையில்
வளைவுகள் தொடங்குவதற்கு முன்
கொஞ்ச தூரம் ஒரு ஓடை கூட வரும்.
மாசி மாதத்தில் ஓடை என்ற பெயர் அதற்குக் கொஞ்சம் அதிகம்.
பாறை இடுக்கில் நாலு குட்டை.
ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஈரம் மட்டும் நடந்துபோன தடம்.
மேலே கரடெல்லாம் காய்ந்து
உசிலும் கிளுவையுமாக எலும்பு காட்ட
கரையோரம் மட்டும் பச்சை:
நீர்மருது, புங்கன், நாவல், மறுபடி நீர்மருது.

ஸ்கூட்டியைச் சிறுபாலத்தில் நிறுத்திவிட்டு
நானும் தவுலத்தும் அண்ணாந்து நின்றோம்.
போகிறவர்கள் வேகம் குறைத்துக் கேட்டார்கள்.
பஞ்சரா? பெட்ரோல் தீந்துபோச்சா?
"குருவி பாக்கறோம்."
ஒரு நொடி மேலே பார்த்து
ஒரு நொடி எங்களைப் பார்த்து
கியர் மாற்றிப் போனார்கள்.

மரங்களுக்குப் போன மாதம்தான் எண் போட்டிருந்தார்கள்.
நெஞ்சு உயரத்தில் பட்டையைச் சீவி
வெள்ளை வட்டம், உள்ளே சிவப்பு எழுத்து.
எங்களுக்கு வசதியாகப் போயிற்று.
முன்பெல்லாம்
வளைஞ்ச கிளைக்கு இடப்பக்கம், இல்ல, அதுக்கும் பின்னால,
ஐயோ போயிருச்சு.
இப்போது நாற்பத்தொன்று, உச்சியில் என்றால் போதும்.
பைனாகுலர் நேராகப் போய் நிற்கிறது.

தவுலத்தின் நோட்டில்:
41 மாங்குயில், ஆண்.
42 கரிச்சான் இரண்டு. சண்டை.
43 குக்குறுவான். பட்ட கிளையில் பொந்து குடைகிறது. தூள் விழுகிறது.
44 ஒன்றுமில்லை (அணில்).
46 அரசவால் ஈப்பிடிப்பான், வெள்ளை, வால் முழு நீளம்.
குட்டையைத் தொட்டுத் தொட்டு ஏறியது, மூன்று தடவை.
மூன்றாவது தடவை நான் எண்ண மறந்தேன், அவள் எண்ணினாள்.

தொரட்டிக்கோலோடு மேட்டுக்காட்டிலிருந்து
ஒரு அம்மா இறங்கி வந்தார்.
பின்னால் ஐந்து ஆடு.
"எத அளக்க வந்தீங்க?"
அளக்கலைங்க, குருவி.
"போன தடவ வந்தவங்களும் இப்படித்தான்.
ஒருத்தரு பாத்தாங்க.
ஒருத்தரு எழுதுனாங்க."

தவுலத் நோட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.
படிச்சுச் சொல்லு என்றார்.
நான் படித்தேன்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு...
என் குரல் எனக்கே ஏலம் விடுவதுபோல் கேட்டது.
நாற்பத்துமூன்றில் நிறுத்திக்கொண்டேன்.
குக்குறுவான் நிறுத்தவில்லை.
டொக், டொக், ஒரு சிட்டிகைத் தூள்.

ஆடுகள் குட்டைக்குப் போயின.
எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ,
கோலால் தூரத்தைக் காட்டினார்.
ஐம்பத்தேழுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவில் ஒரு நாவல்.
வட்டம் இல்லை, எழுத்தும் இல்லை.
"அதுல முசுறு. பெயிண்டு டப்பா தூக்கிட்டு வந்த பையன
புடுங்கி எடுத்துருச்சு.
சட்டையக் கழட்டி வீசிட்டு ஓடையில போயி விழுந்தான்."
அப்போதுதான் சிரித்தார். நாங்களும்.
தண்ணி இருந்துச்சா என்று தவுலத் கேட்டாள்.
"முழங்கால் அளவுக்கு இருந்துச்சு. அவனுக்குப் போதும்."

அந்த நாவலடியில் நின்றோம், எட்டியே.
தைத்த இலைகளுக்குள் சிவப்பாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.
வெயில் ஓடையை விட்டு ஏறி
எதிர்க் கரட்டின் உச்சியில் மட்டும் ஒட்டியிருந்தபோது
சருகுக்குள்ளிருந்து இரண்டே இரண்டு சீழ்க்கை.
நிறுத்தி,
மறுபடி இரண்டு.
ஆறுமணிக்குருவி.
பச்சை, நீலம், அடிவயிற்றில் சிவப்பு, எல்லாம் புத்தகத்தில்.
இங்கே குரல் மட்டும்.

"மணியாயிருச்சு" என்று ஆட்டை விரட்டினார் அந்த அம்மா.
மேலிருந்து யாரோ பாவாயக்கா என்று கூப்பிட்டார்கள்.
தவுலத் நோட்டின் ஓரத்தில் பேனாவை வைத்தபடி நின்றாள்.
இந்த மரத்துக்கு அங்கே எழுத எதுவுமில்லை.

இறங்கும்போது முன்விளக்கில்
வெள்ளை வட்டங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.
எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு.
அப்புறம் வட்டம் வர வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு,
அதில் இலை அசைவது தெரிந்தது.
ஐம்பத்தேழு.

பின் சீட்டிலிருந்து தவுலத் கத்தினாள்,
காற்றில் பாதிதான் கேட்டது:
நோட்டு முழுக்க மாத்தி எழுதணும்.
எப்படி?
"வளைஞ்ச கிளைக்கு
இடப்பக்கம்னு."