நாலு மீற்றர்

முகமாலை என்றதும்
மலை என்று நினைத்துத்தான் வந்தானாம்.
கம்பளிச் சட்டை இரண்டு பெட்டிக்குள்.
இறங்கிப் பார்த்தால்
தலையில்லாத பனை,
சிவப்பு முனைக் குச்சிகள்,
அடிவானம்வரை ஒரே தட்டை வெயில்.
கைக்கடிகாரம் உயரம் காட்டும்.
நாலு மீற்றர் என்றது.
பழுதோ என்று தட்டிப் பார்த்தான்.

பெயர் வோர்ஷாங்.
மணிப்பூரில் உக்ருல் பக்கம், பர்மா எல்லையோரம்.
கண்ணிவெடி எடுக்கும் எங்கள் அணிக்கு மேற்பார்வை.
முதல் நாளே "சாப்டாச்சா?" என்றான்.
பதினொரு பெண்களும் முகக்கவசம் தூக்கிப் பார்த்தோம்,
இந்த வாயிலிருந்து தமிழோ?

மோரே என்று எல்லையில் ஒரு சந்தையாம்.
ரங்கூனை விட்டு வந்த தமிழர்
ஊர்வரை போக மனமில்லாமல்
அங்கேயே கோயில் கட்டி, கடை போட்டு இருக்கினமாம்.
அவர்களிடம் பொறுக்கியது பன்னிரண்டு சொல்.
இட்லி. சில்லறை. மலை. நாளைக்கு வா.
மிச்சம் ஏச்சு.

தேத்தண்ணி நேரம்
துப்புரவாக்கிய மண்ணில் குச்சியால் கீறினான்.
நடுவில் சமவெளி, கிண்ணம் மாதிரி.
சுற்றிவர மலை,
கோட்டுக்குள் கோடு, கோட்டுக்குள் கோடு.
"கிண்ணத்துக்குள் ஒரு சனம்.
விளிம்பில் முப்பது சனம், கூடவும் இருக்கும்.
இந்த முகட்டில் என் ஊர்,
அந்த முகட்டில் அம்மாவின் ஊர்.
கத்தினால் கேட்கும்.
இறங்கி ஏற அரை நாள்,
அதற்குள் பாஷை மாறிவிடும்.
கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்
அம்மாவை ஊமை என்றே நினைத்தார்கள்."

தவநிதி கேட்டாள்:
"அப்ப சண்டை பிடிக்கிறது எந்தப் பாஷையில?"
அவன் அதற்குச் சிரித்த சிரிப்பில்
ஆட்காட்டிகள் கலைந்து பறந்தன.

மாமாவின் வீடு இந்தியாவில்
கத்தரிப் பாத்தி பர்மாவில் என்றான்.
கோழிகளுக்குத் தெரியாதாம்.
நான் சொன்னேன்,
எங்கட ஒழுங்கையில் ஒரு கதியால்
ஒரு சாண் தள்ளிப்போனதற்குப்
பதினேழு வருஷமாக வழக்கு நடக்குது.
கதியால் இதற்குள் மரமாகிவிட்டது.
மொழிபெயர்க்க வெகுநேரம் பிடித்தது.
விளங்கியதும் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

ஒரு ஞாயிறு கீரிமலைக்குக் கூட்டிப் போனோம்.
வான் நின்றது. கடல். கேணி. ஈரத் துண்டுகள்.
"மலை?"
"பெயரில மட்டும்."
"கீரி?"
"அதுகும் அப்பிடித்தான்."
கடிகாரம் சைபருக்குக் கீழே இறங்கிக் காட்டியது.
கேணியில் கழுத்துவரை நின்றுகொண்டு
தன் ஊரில் தண்ணீருக்குள்ள சொல்லைச் சொன்னான்.
பிறகு அம்மாவின் ஊர்ச் சொல்.
இரண்டையும் எழுத என்னிடம் எழுத்தில்லை.
ஒன்று மூக்கில் முடிந்தது.

மே மாதம் தொலைபேசி வந்தது.
அன்று வாகனத்தைவிட்டு இறங்கவில்லை.
கிண்ணத்துக்கும் விளிம்புக்கும் நடுவில்
இப்போது மண்மூட்டையாம்.
அட்டையைப் பார்த்து, குலம் கேட்டு, விடுவார்களாம்.
மண்மூட்டை எங்களுக்குப் புதிதில்லை.
அட்டையும்தான்.
"நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டது நான்.
கேட்டிருக்கக் கூடாது.

"என்னை இரண்டு பக்கமும் விடுவான்" என்றான்.
"அங்கே ஒரு சிநேகிதன், இங்கே ஒரு சிநேகிதன்.
மற்றவன் உயிரோடு இருக்கிறானா என்று
இரண்டு பேரும் என்னிடம்தான் கேட்கிறார்கள்.
அவன் கேட்டதாகச் சொல்லாதே என்றும் சொல்கிறார்கள்."

தவநிதி தேத்தண்ணி ஊற்றினாள்.
சீனி அதிகம்.
அன்று முடித்தது ஒன்பது சதுர மீற்றர்.
எடுத்தது மூன்று.

மண்ணில் கீறிய மலைகளை
மிதிக்காமல் சுற்றித்தான் போய்வந்தோம்,
ஐப்பசி மழைவரை.

போகும்போது
பதின்மூன்றாவதாக ஒரு சொல் கேட்டான்.
அவசரத்தில் எனக்கு ஒன்றும் வரவில்லை.
"ஒழுங்கை" என்றேன்.
வீட்டுக்குப் போகிற வழிக்கும் அதுதான்,
குச்சிகளுக்கு நடுவே நாங்கள் முழங்காலில் திறக்கிற
ஒரு மீற்றர் அகலத்துக்கும் அதுதான்.
ழகரம் வரவில்லை.
ஒலுங்கை, ஒருங்கை, ஒயுங்கை.
மலை ஏறும்போது சொல்லிப் பழகுகிறேன் என்றான்,
மூச்சு வாங்கினால்
ஒருவேளை வந்துவிடும்.