சாவித் துவாரம் இல்லாத வண்டி

"தாவி ஏறினான். சாவியைத் திருகினான்.
எரியும் களஞ்சியத்துக்குள்ளிருந்து
டிராக்டரோடு வெளியே வந்தான் போனிஃபாட்சி."
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
எனக்கே பிடித்திருந்த பக்கம்.

போக்னா அதன் ஓரத்தில்
பச்சை மையில் இரண்டே சொல் எழுதி அனுப்பினாள்:
எந்தச் சாவி?

வார நாட்களில் க்னியெஸ்னோவில் பல் பிடுங்குகிறவள்.
ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் உர்சுஸ் நாற்பத்தைந்தைக்
கழற்றித் துடைத்துப் பூட்டுகிறவள்.
வந்து பார் என்றாள். போனேன்.
பிப்ரவரி. கழுத்துத் துண்டில் மூச்சு உறைந்து
தகரமாய்க் கீறியது.

முதலில் ஊதுவிளக்கு.
வண்டியின் மூக்கில் ஒரு குண்டு இரும்புக் குமிழ்;
சுடரை அதன்மேல் திருப்பிவிட்டுத்
தேநீர் ஊற்றினாள்.
"இப்போது என்ன?"
"ஒன்றுமில்லை. குமிழ் சிவக்கட்டும்."
அவள் மைத்துனனின் விவாகரத்து,
என் வீட்டு வாடகை,
முளைக்கவே மறுக்கும் ஞானப்பற்கள்.
நீலச்சுடர் சீறிக்கொண்டே இருந்தது.

பிறகு ஸ்டீயரிங்கைத் தண்டோடு உருவினாள்.
(ஆம், உருவினாள். ஓட்டுகிறவன் கையில்
திருப்ப ஒன்றுமில்லாத நேரம் அது.)
பக்கவாட்டில் ஃப்ளைவீலின் நடுவே செருகி
அப்படியும் இப்படியும் உலுக்கினாள்,
உள்ளே யாரோ தாழிட்டுக்கொண்ட கதவைப் போல.
டுப்.
சும்மா இருந்தது. டுப்.
டுப் டுப் டுப்.
ஒற்றை சிலிண்டர். முழு வண்டியும் நின்ற இடத்தில் குதித்தது.
தேக்கரண்டி தானே நடந்துபோய்ப் பலகையிலிருந்து விழுந்தது.
"சட்டென்று உருவாவிட்டால் மணிக்கட்டு போய்விடும்.
சில நாள் தலைகீழாய்ச் சுற்றும்;
முன்னால் போ என்றால் பின்சுவரை இடிக்கும்"
என்று கத்தினாள், முகமெல்லாம் சிரிப்பு.

கடிகாரத்தைப் பார்த்தேன்.
பதினான்கு நிமிடம்.

சாவியை அடி, விளக்கை எழுது, முடிந்தது வேலை
என்றுதான் ரயிலில் நினைத்தேன்.
பேனா விளக்கைக் கொளுத்திய பிறகுதான் உறைத்தது.
மரக் களஞ்சியம். உள்ளே வைக்கோல்.
பதினான்கு நிமிடத்தில் மிஞ்சுவது கீல்கள் மட்டும்.
தீயைப் பார்த்துவிட்டுக் கொளுத்திய விளக்கல்ல அது.
தீக்கு முந்தியது.
இரவு இரண்டரை மணி, ஐம்பத்துநான்காம் வருடத்துப் பனி,
உழுவதற்கு ஒரு சாண் மண் வெளியே தெரியவில்லை.

அவனைப் படைத்தது நான்.
காது மடலில் தழும்பு, புளித்த கம்பு ரொட்டிமேல் ஆசை,
கடன் கேட்கும்போது திக்குகிற நாக்கு,
எல்லாம் என் கொடை.
இதை மட்டும் என்னிடமே மறைத்திருக்கிறான்.

நூற்று நாற்பதில் அவன் சட்டையில் பதக்கம் குத்துகிறார்கள்.
நூற்று ஐம்பத்தொன்றில் தீ வைத்த குற்றத்துக்கு
ஹியரோனிம் ஆறு வருடம் உள்ளே போகிறான்.
கதை நகர வேண்டுமே என்று
இரண்டே வரியில் அவனை அனுப்பிவைத்தவளும் நான்தான்.

"சாவி என்றே இருக்கட்டும்,
யார் போய் எண்ணப் போகிறார்கள்?" என்கிறார் பதிப்பாளர்.

போக்னாவை அழைத்தேன்:
ஊதுவிளக்கு தானாகச் சரியுமா?
"காற்றடித்தால், தரை சரிவாக இருந்தால்.
அதனால்தான் பக்கத்தைவிட்டு நகரவே கூடாது."
நகர்ந்தால்?
"இங்கே ஒருவர் வாயைத் திறந்தபடி இருக்கிறார்"
என்று வைத்துவிட்டாள்.

ஆகவே மறுபடி நூற்றுப் பன்னிரண்டு.
வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறான்,
ஸ்டீயரிங்கை மடியில் வைத்துக்கொண்டு.
எங்கே கிளம்புகிறான் என்று கேட்டேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
வெளியே ஏதோ சத்தம். நாயாகவும் இருக்கலாம்.
பாதி எழுகிறான்.
குமிழ் இன்னும் கறுப்புதான்.