காலி

இரவு பதினொன்றுக்கு மேல் யார்டில் எனக்கு எண்களோடுதான் பேச்சு.
லாந்தரைத் தூக்கினால் சிவப்புப் பலகை,
அதில் வெள்ளைச் சாயத்தில் நான்கு இலக்கம்.
எழுதிக்கொள், டெல்ஃபினா. நட. அடுத்தது.

தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் மூன்றடி,
அவ்வளவுதான் எங்கள் ரயில்.
டென்வர் பக்கத்து அகலப்பாதைக்காரர்கள்
பொம்மை என்று சிரிப்பார்கள்.
சிரித்த வாயோடே மாவு மூட்டைகளைத்
தங்கள் பெட்டியிலிருந்து எங்கள் பெட்டிக்குத் தோள்மாற்றுவார்கள்.
மலை ஏறுவதென்றால் பொம்மைதான் ஏற வேண்டும்.

இரண்டடுக்கு ஆட்டுப்பெட்டி,
மேல்தட்டு ஆடு பெய்தால் கீழ்த்தட்டு ஆட்டுக்கு மழை.
ஐஸ்கட்டிக்கு நடுவே ஆப்பிள். நிலக்கரி. வேலிக்கம்பம்.
ஒருமுறை ஒரு பியானோ.
வளைவுக்கு வளைவு அது தானே வாசித்ததென்று
பிரேக்மேன் ஒனோஃப்ரே சத்தியம் செய்தான்.
அவன் சத்தியத்தின் விலை எனக்குத் தெரியும்.

3417 காணாமல் போனது ஒரு நவம்பரில்.
பேரேட்டில் இருக்கிறது, யார்டில் இல்லை.
ஒனோஃப்ரே தொப்பியை விரலில் சுழற்றினான்.
"அச்சு சூடேறிப் புகைந்தது.
கணவாய்க்கு மேலே பக்கத் தடத்தில் கழற்றிவிட்டோம்."
சரக்கு?
"காலி" என்றான்,
கேள்வி முடிவதற்குள்.

டிசம்பரில் சம்பளப் பெட்டியோடு நானே மேலே போக நேர்ந்தது.
3417-இன் கூரையில் புகைக்குழாய்.
கதவிடுக்கில் பின்யோன் விறகு எரிகிற வாசனை.
பாதைக்கூலி எலிசெயோ லுசேரோ,
அவன் மனைவி பிரிமித்தீவா.
கம்பெனி கொடுத்த வீட்டின் கூரை
பனி தாங்காமல் உட்கார்ந்துவிட்டதாம்.
மூட்டை அடுக்கும் மூலையில் தூளி.
சுவரில் ஒரு சரக்குச் சீட்டு, ஆணியடித்து;
அதன் முதுகில் கரிக்கோல் கணக்கு:
ஏழு பவுண்டு. ஏழே முக்கால். ஒன்பது.
ஸ்டேஷன் தராசில் பிள்ளையை நிறுத்திருக்கிறார்கள்,
தகர டப்பாவின் எடையை நியாயமாய்க் கழித்து.

காபி கொடுத்தாள். குடித்தேன். இறங்கி வந்தேன்.
இடம்: கணவாய், பக்கத் தடம்.
நிலை: பழுது.
சரக்கு என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
காலி.

பதினோரு வருடம், மாதம் ஒன்றுக்கு ஒரு காலி.
நூற்று முப்பத்திரண்டு பொய், ஒரே கையெழுத்தில்.
தணிக்கைக்கு வந்த ஹால்வர்சன் ஒருமுறை விரல் வைத்தார்:
"இந்த அச்சு இன்னுமா சரியாகவில்லை?"
பாகம் வரவில்லை என்றேன்.
மூன்றடிக்கு இப்போது எவன் பாகம் செய்கிறான் என்று
அவரே பதில் சொல்லிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்.

பிறகு லாரிகள் வந்தன.
பாதையைப் பிடுங்கி விற்பதென்று முடிவு.
ஒப்பந்தக்காரனுக்குப் போன உத்தரவின் நகல் என் மேஜைக்கும் வந்தது:
காலிப் பெட்டிகளை நின்ற இடத்திலேயே கொளுத்துக,
சாம்பலிலிருந்து இரும்பை எடுத்துக்கொள்க.
கீழே பட்டியல். என் பேரேட்டிலிருந்து எடுத்தது.
ஒன்பதாவது வரி, 3417.

அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு வரியை அடித்தேன்.
மேலே சிவப்பு மையில், கட்டத்துக்கு வெளியே வழிய வழிய:

சரக்கு: லுசேரோ, ஆறு பேர். அடுப்பு ஒன்று.
கோழி பன்னிரண்டு. தையல் மிஷின்.
பள்ளிக்கூடப் புத்தகம், எண்ணவில்லை.
அனுப்பியவர்: பனி.
சேருமிடம்: சேர்ந்தாயிற்று.

என் வேலை அந்த மாதத்தோடு போனது.
எல்லார் வேலையும்தான் போனது, அதனால் தண்டனை என்று சொல்ல முடியாது.

கொளுத்தவில்லை.
இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் பிடுங்கிக்கொண்டே வந்தவர்கள்
பெட்டியின் இரு முனையிலும் நின்றுவிட்டார்கள்,
பிரிமித்தீவா வாசலில் நின்றாளாம், இடுப்பில் கடைக்குட்டி.

வசந்தத்தில் எனக்கொரு பில் வந்தது.
தண்டவாளம் குறைவு: முப்பது அடி, இரண்டு வரிசை.
இரண்டு தவணையில் கட்டினேன்.
ரசீதில் சரக்கு என்ற கட்டத்தை
அவர்கள் நிரப்பவில்லை.