வீட்டுக்கு நாற்பது

அக்டோபர் கடைசி வாரம்.
தீயணைப்பு நிலைய முற்றத்தில் மணல் வந்து இறங்கிவிட்டது.
வீட்டுக்கு நாற்பது மூட்டை என்று
ஸ்லாவ்கோ கதவில் சாக்கட்டியால் எழுதுகிறான்.
நான் சாக்கின் வாயைப் பிடிக்க
விதா மண்வெட்டியால் அள்ளிப் போடுகிறாள்.
பாதிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.
நிறைத்த மூட்டை வளையாது;
வளையாதது தண்ணீரை நிறுத்தாது.

மலையில் பனி விழுந்தால் நல்லது.
மழை விழுந்தால் கெட்டது.
பனி விழுந்து அதன்மேல் மழையும் விழுந்தால்
அதற்கு எங்கள் ஊரில் சொல் கிடையாது.
பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்ப்போம்.

மருந்துக்கடையில் நெவென்கா
கீழ்த்தட்டுகளைக் காலி செய்துவிட்டாள்;
இருமல் மருந்துக்கு இனி ஏணி வேண்டும்.
இசைப்பள்ளியின் பியானோ
எட்டுப் பேர் தோளில் மாடி ஏறுகிறது.
படித் திருப்பத்தில் சிக்கி
ஒரு சுரம் தானாக முனகுகிறது.
போன முறை தண்ணீர் நின்ற கோட்டை
யோஷ்கோ கடைச்சுவரில் பெயின்ட் அடித்து மறைத்தான்,
இரண்டு கோட்டிங்.
ஈர நாட்களில் அது தானே வெளியே வருகிறது.

மதகின் சாவி யாரிடம்?
நகராட்சி மின்நிலையத்தைக் கைகாட்டியது,
மின்நிலையம் மர அறுவை ஆலையை.
ஆலை மூடிப் பதினோரு வருடம்.
கடைசியில் பாலத்தடி மதுக்கடையில் கிடைத்தது:
கதவு காற்றில் அடிக்காமலிருக்க
அண்டை கொடுத்து வைத்திருந்தார்கள்.
எண்ணெய் விட்டுத் திருகினோம்.
மூன்று சுற்று வந்தது. நான்காவது வரவில்லை.
"மூன்று போதும்" என்றான் ஸ்லாவ்கோ,
பிஸ்த்ரிட்சா ஆற்றைப் பார்க்காமல்.

என் வாசலுக்கு இருபது,
நிலவறைச் சன்னலுக்குப் பன்னிரண்டு,
மீதி எட்டு.
எதிர்வீட்டுத் திபோர் பட்டியலில் பெயர் தரவில்லை.
போன வெள்ளத்தில் அவன் மனைவி போய்விட்டாள்;
தண்ணீரோடு அல்ல,
லுப்லியானாவில் நான்காம் மாடிக்கு.
என் ரம்பத்தை வாங்கிப்போய் இரண்டு வருடமாகிறது,
அதை அவன் திருப்பித் தரவில்லை என்பதும் உண்மை.

இருட்டிய பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிப்போனேன்.
எட்டில் பாதி வாசல்தான் அடைந்தது.
தண்ணீருக்குப் பாதி வாசலே முழு வாசல்.
நின்று யோசித்தேன்.
என் நிலவறையிலிருந்து ஆறு உருவினேன்.
உருளைக்கிழங்குதானே, போகட்டும்.

மாடிச் சன்னல் திறந்தது.
"யாரது?"
"மணல்" என்றேன்.
படியில் காலடி கேட்கிறதா என்று
கொஞ்ச நேரம் நின்றேன்.
மலைமேல் ஏதோ விழுந்துகொண்டிருந்தது,
பனியா, மற்றதா,
இங்கிருந்து தெரியவில்லை.